கட்டைவால்

இரண்டு வருடங்களுக்கு முன்னால், ஒரு ஜூலை மாத இரவு. இலங்கை மலையகத்துத் தலவாக்கலையில் ஜூலை மழை தகரக்கூரையில் விழத் தொடங்கினால் வீட்டுக்குள் யாரோடும் பேச முடியாது. அந்த நேரம் பார்த்து அண்ணன் மகன் கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து தொலைபேசியில் அழைத்தான். இரண்டு பேரும் கத்திக்கொண்டிருந்தோம். "சித்தப்பா, நாய்க்குட்டி வாங்கிவிட்டேன். டொபர்மன். வாலை வெட்டித்தான் கொடுத்தார்கள். இனிக் காதுதான் பாக்கி. அதற்கு யாரைப் பிடிக்கலாம்?" அவன் 'காது பாக்கி' என்று சொன்ன விதம் இருக்கிறதே, சுவருக்குப் பூச்சு முடிந்துவிட்டது, சுண்ணாம்பு அடிப்பதுதான் பாக்கி என்று சொல்வதுபோல இருந்தது.

வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் சொல்லவில்லை. "விசாரித்துப் பார்க்கிறேன்" என்று மழுப்பிவிட்டுத் தொலைபேசியை வைத்தேன். வகுப்பறையில் முப்பது பிள்ளைகளுக்கு முன்னால் நின்று சரி எது தவறு எது என்று தினமும் பேசுகிறவன் நான். ஒரு நாய்க்குட்டி விஷயத்தில் என் நாக்கு ஏன் அன்று புரளவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. காரணம் எனக்குத் தெரியாததல்ல. அதைச் சொல்லத்தான் கொஞ்சம் சுற்றி வர வேண்டியிருக்கிறது.

பங்களா நாயும் லயத்து நாயும்

அம்மாவின் அப்பா தேயிலைத் தோட்டத் துரையின் பங்களாவில் வேலை செய்தவர். சமையற்கட்டு சமையல்காரரான அப்புவின் ராஜ்ஜியம். தாத்தாவுக்குப் பூந்தோட்டமும் நாய்களும். வெள்ளைக்காரத் துரை மூன்று ஃபொக்ஸ் டெரியர்கள் வைத்திருந்தார். மூன்றுக்கும் ஒரு கைப்பிடி அளவு மட்டும் விட்டு வாலை வெட்டியிருந்தார்களாம். வளைக்குள் நுழைந்து நரியோடு மல்லுக்கட்டும் நாயை வாலைப் பிடித்து வெளியே இழுப்பதற்குத்தான் அந்த ஒரு பிடி என்று துரை விளக்கம் சொன்னதாகத் தாத்தா சொல்வார். எங்கள் தோட்டத்தில் அந்த நாய்கள் நுழைந்த ஒரே வளை துரைசானியின் கட்டிலடி என்பதையும் அவரே சேர்த்துச் சொல்லிச் சிரிப்பார். 1973, 74 பஞ்ச காலத்தில் அந்த நாய்களுக்கு வைத்ததில் மிஞ்சிய சோற்றைத் தாத்தா மடியில் கட்டிக்கொண்டு வருவாராம். அதை மட்டும் அவர் சொன்னதில்லை. அம்மா ஒரே ஒரு முறை சொல்லிவிட்டு உடனே பேச்சை மாற்றினார்.

1975இல் கம்பெனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. வெள்ளைத் துரைமார் கப்பலேறினார்கள், உள்ளூர்த் துரைமார் வந்தார்கள். எங்கள் பங்களாவில் டெரியர் போய் டொபர்மன் வந்தது. வால் மட்டும் முன்னைவிடக் கட்டையாகிவிட்டது. பிள்ளைகளாகிய எங்களுக்கு இனத்தின் பெயரெல்லாம் தெரியாது. கட்டைவால் என்றால் பங்களா, நீளவால் என்றால் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயம். அவ்வளவுதான் எங்கள் விலங்கியல். பங்களா நாய் பாதையில் வந்தால் நாங்கள் பாதையோர வடிகானுக்குள் இறங்கி வழிவிடுவோம். லயத்து நாய் வந்தால் காலால் தள்ளிவிட்டுப் போவோம்.

வேறொரு வால் கதையும் அங்கே புழங்கியது. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பிரட்டில் எதிர்த்துப் பேசுகிற இளவட்டத்தைப் பார்த்துக் கங்காணி சொல்வார், "ரொம்ப ஆட்டாதே, ஒட்ட நறுக்கிவிடுவேன்." தமிழில் எல்லா ஊரிலும் சொல்கிற மிரட்டல்தான். ஆனால் வால் நறுக்கிய நாய்கள் மேட்டுப் பங்களாவில் ராஜபோகமாக இருப்பதைப் பார்த்துக்கொண்டே அதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதில் ஒரு குழப்பம் இருந்தது. நறுக்குவது தண்டனையா, பதவி உயர்வா?

மூன்றாம் நாள்

எனக்கு ஒன்பது வயது. எங்கள் லயத்துக் கருப்பி நான்கு குட்டிகள் போட்டாள். அவற்றில் இரண்டுக்குக் கண்ணுக்கு மேலே பழுப்பு நிறத்தில் பொட்டு வைத்ததுபோலப் புள்ளி. அது போதாதா? பங்களா டொபர்மன் வேலி தாண்டியிருக்கிறான் என்று லயம் முழுக்கப் பேச்சு. என் மாமா, அம்மாவின் தம்பி, தேயிலைச் செடியை நறுக்கும் கவ்வாத்து வெட்டுவதில் தோட்டத்திலேயே முதல் கை. அவருக்கு ஒரு யோசனை வந்தது. "வாலை எடுத்துவிட்டால் டவுனில் நல்ல விலைக்குப் போகும்." வெட்டினால் நாய்க்கு ரோஷம் ஏறும், காவலுக்கு நல்லது என்றும் சொன்னார். மூன்றாம் நாள் செய்ய வேண்டும், அப்போதுதான் வலிக்காது, கண்கூடத் திறக்கவில்லையே என்றார்.

கருப்பியைத் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைப் பக்கம் கொண்டுபோய்க் கட்டினார்கள். வாசல் திண்ணையான இஸ்தோப்பில் சாக்கு விரித்து மாமா உட்கார்ந்தார். பக்கத்தில் அடுப்புச் சாம்பல் ஒரு சிரட்டையில். குட்டியைப் பிடிக்கும் வேலை எனக்கு. ஒரு கைக்குள் அடங்கியது. வயிறு மட்டும் சூடாக, பால் குடித்துப் புடைத்து, உள்ளங்கையில் மூச்சு ஏறி இறங்கியது. மாமா வாலை இரண்டு விரலால் நீட்டிப் பிடித்து, கவ்வாத்துக் கத்தியை வைத்து ஒரே அழுத்து. பிஞ்சு முருங்கைக்காயை ஒடிக்கிற மாதிரி ஒரு சத்தம். அதற்குப் பிறகு வந்த சத்தத்தை எதோடு ஒப்பிடுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அவ்வளவு சின்ன உடம்பிலிருந்து அவ்வளவு பெரிய குரல் வந்தது. என் கை தானாக விரிந்துவிட்டது. "கெட்டியாகப் பிடிடா" என்றார் மாமா. பிடித்தேன். மற்ற மூன்றையும் கெட்டியாகத்தான் பிடித்தேன். அறுந்த துண்டுகளில் ஒன்று சாக்கின் மேல் ஒருமுறை துடித்ததாக ஞாபகம். ஞாபகம் பொய் சொல்லியும் இருக்கலாம்.

அவிழ்த்துவிட்டதும் கருப்பி ஓடிவந்து நான்கையும் மோந்து பார்த்துவிட்டு, சாம்பலை நக்கி நக்கி எடுத்தாள். மாமா மறுபடி சாம்பல் வைத்தார், அவள் மறுபடி நக்கினாள். விடிய விடிய இதே வேலை. மூன்று நாள் கழித்து ஒரு குட்டி செத்துக் கிடந்தது. "சீதளம்" என்றார் மாமா. மற்ற மூன்றும் பிழைத்தன. டவுனில் ஒருவரும் வாங்கவில்லை. வளர வளர, அந்தப் பொட்டு இருந்த இரண்டும்கூடத் தாயைப் போலவே வெறும் லயத்து நாய்களாக நின்றன, வால் மட்டும் இல்லாமல். பிள்ளைகள் மூன்றையும் 'துரை' என்று கூப்பிட்டோம். கூப்பிட்டால் ஓடி வரும்.

'மூன்றாம் நாளில் வலி தெரியாது' என்பதை உலகம் முழுக்க நாய் வளர்ப்பவர்கள் சொல்லி வந்திருக்கிறார்கள். பிறந்து இரண்டு முதல் ஐந்து நாளுக்குள், பெரும்பாலும் மயக்க மருந்து இல்லாமல், கத்தரித்தோ இறுக்கமான ரப்பர் வளையம் மாட்டியோ வாலை எடுப்பதுதான் வழக்கம். பிறந்த குட்டிக்கு வலி உண்டு என்பதில் கால்நடை மருத்துவத்துக்கு இப்போது சந்தேகமில்லை. எனக்கு அதற்கு மருத்துவம் தேவைப்படவில்லை. கையில் பிடித்திருந்தேன்.

மாமாவின் வாதங்கள்

மாமாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. முழங்கால் போய்விட்டது, வாய் போகவில்லை. அண்ணன் மகனின் டொபர்மன் விஷயத்தை அவரிடம் மெதுவாக எடுத்தேன், கருப்பியின் குட்டிகளைப் பற்றி ஏதாவது சொல்வாரா என்று பார்க்க. அவர் நேரே தேயிலைக்குப் போனார். "கவ்வாத்து வெட்டாமல் விட்டால் தேயிலை என்ன ஆகும்? மரமாகும். கூரையைத் தாண்டிப் போகும். யார் ஏறிக் கொழுந்து எடுப்பது? வெட்டினால்தான் செடிக்கு நல்லது." செடிக்கா, நமக்கா என்று கேட்டேன். "இரண்டும் ஒன்றுதான்" என்றார். நாற்பது வருடம் கவ்வாத்து வெட்டியவரின் வாயில் அந்தப் பதில் வேறு மாதிரி ஒலித்தது. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

அடுத்தது என்னை உட்கார வைத்த வாதம். "உனக்குக் காது குத்தியது யார் மடியில்? என் மடியில்தானே? உன்னைக் கேட்டா குத்தினோம்? நீ போட்ட சத்தம் பக்கத்து டிவிஷனுக்குக் கேட்டது. இன்றைக்கு என்ன குறைந்துபோய்விட்டாய்?"

ஒரு வாரம் இதற்கு என்னிடம் பதில் இல்லை. என் காதில் இப்போது கடுக்கன் இல்லை, ஓட்டையும் தூர்ந்து புள்ளியாகிவிட்டது. வாலோ திரும்ப முளைப்பதில்லை. வித்தியாசம் அதுதான் என்று ஒரு நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். ஆனால் அது முழுப் பதில் இல்லை. குழந்தையைக் கேட்காமல் குத்தியது குத்தியதுதான். என் மகளுக்கும் அப்படித்தான் குத்தினோம், அவளும் அழுதாள். பட்டுப்பாவாடையும் சர்க்கரைப் பொங்கலும் வைத்து அழுகையை அமர்த்தினோம். ஆக, அழகுக்காக அடுத்த உயிரின் உடம்பில் கை வைப்பது நாய்க்காரர்களின் தனிப் பழக்கம் என்று நான் விரல் நீட்ட முடியாது. மாமா ஜெயித்தது அந்த அளவுக்கு. கருப்பியின் விஷயத்தில் அவர் ஜெயிக்கவில்லை. அது அவருக்கும் தெரியும் என்று நினைக்கிறேன். செத்த குட்டியின் பேச்சு வந்ததும் வெற்றிலைப் பெட்டியைத் தேடத் தொடங்கிவிட்டார்.

வெட்டினால் ரோஷம் ஏறும் என்ற மாமாவின் நம்பிக்கைக்கு முப்பாட்டன்கள் இருக்கிறார்கள். முதலாம் நூற்றாண்டில் ரோமில் வேளாண்மை பற்றி எழுதிய கொலுமெல்லா, குட்டி பிறந்து நாற்பது நாளானதும் வாலின் நரம்பைப் பல்லால் கடித்து இழுத்து அறுத்துவிடச் சொல்கிறார். அப்படிச் செய்தால் வால் அசிங்கமான நீளத்துக்கு வளராதாம். வெறிநோயும் வராது என்று மேய்ப்பர்கள் சொல்கிறார்களாம். வரிசையைக் கவனியுங்கள். முதலில் அழகு, பிறகுதான் நோய். இரண்டாயிரம் வருடத்துக்குப் பிறகு நமக்குத் தெரிந்துவிட்டது, வெறிநோய்க்கான தடுப்பு ஊசியில் இருக்கிறது, வாலில் இல்லை. அந்தக் காரணம் செத்த பிறகும் கத்தி மட்டும் தப்பிவிட்டது.

டொபர்மனின் கதையும் இப்படித்தான். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனியின் அபோல்டா ஊரில் வரி வசூலித்துக்கொண்டிருந்த ஒருவர் தனக்குத் துணையாக ஒரு நாயை உருவாக்கினார். அவர் பெயர்தான் நாய்க்கும். வரி கேட்டு வருகிறவனை எந்த ஊரில் யார் வரவேற்றார்கள்? சண்டை வந்தால் எதிராளிக்குப் பிடிக்க வாலோ காதோ அகப்படக் கூடாது என்பது அந்த நாய்க்குச் சொல்லப்பட்ட நியாயம். ஒப்புக்கொள்கிறேன், அந்தக் காலத்துக்கு அது ஒரு நியாயம். என் அண்ணன் மகனின் நாய் வசூலிக்கப் போகிற வரி என்ன? ஜெர்மனியிலேயே 1987இல் காது வெட்டுவதையும் 1998இல் வால் வெட்டுவதையும் தடை செய்துவிட்டார்கள். பிறந்த வீட்டில் கைவிட்ட பழக்கத்தைப் புகுந்த வீட்டில் கட்டிக்கொண்டு அழுகிறோம்.

வேலை செய்யும் நாய்களுக்கு வாலில் காயம் படும் என்ற வாதம் ஒன்று மிஞ்சுகிறது. இதை நான் ஒதுக்கமாட்டேன். முட்புதருக்குள் நாள் முழுக்க ஓடும் ஸ்பானியல் நாய்களுக்கு வால் நுனி கிழிவது உண்மை. 2007இல் முழுத் தடை கொண்டுவந்த ஸ்கொட்லாந்து, 2017இல் வேட்டைக்குப் போகும் சில இனங்களுக்கு மட்டும் அதைத் தளர்த்தியது. ஆனால் பிரித்தானியாவில் 2010இல் வெளியான ஓர் ஆய்வு எல்லா வகை நாய்களையும் எடுத்துக் கணக்குப் போட்டது. ஒரு வால் காயத்தைத் தடுக்கச் சுமார் 500 நாய்களின் வாலை வெட்ட வேண்டியிருக்கும் என்று வந்தது. எங்கள் பக்கம் பன்றி விரட்டப் போகிற நாய்கள் எல்லாமே நீளவால்தான். தேயிலைச் செடிக்குள்ளும் மானாப் புல்லுக்குள்ளும் அவை அந்த வாலோடுதான் போய் வருகின்றன. காயம் பட்டு வருவது பெரும்பாலும் வயிற்றில், பன்றியின் கொம்பால்.

காது

நான் 'விசாரித்த' லட்சணத்தில் அண்ணன் மகன் தானே ஆள் தேடிக்கொண்டான். முதலில் பார்த்த கால்நடை வைத்தியர், "காதில் ஒரு நோயும் இல்லையே" என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டாவது ஆள் செய்தார். மயக்க மருந்து கொடுத்துத்தான். அந்த மட்டுக்கும் அது கருப்பியின் குட்டிகளுக்குக் கிடைக்காத பாக்கியம். குட்டிக்கு அப்போது பத்து வாரம். பெயர் ரொக்கி. கொழும்பில் அறை வாடகைக்குக் கொடுத்தவர் நாய் கூடாது என்றுவிட்டதால், தையலோடும் கட்டோடும் அதைப் பஸ்ஸில் கொண்டுவந்து அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனான்.

காது வெட்டுவது ஒரு நாள் வேலை என்று நினைத்திருந்தேன். வெட்டுவது ஒரு நாள், நிமிர்த்துவது மாதக்கணக்கு. மிஞ்சிய காதைப் பஞ்சு உருளையோடு சேர்த்துப் பிளாஸ்டர் சுற்றி, வானத்தைப் பார்த்து நிறுத்தி வைக்க வேண்டும். சில நாளுக்கு ஒருமுறை அவிழ்த்துத் துடைத்து மறுபடி சுற்ற வேண்டும். தலவாக்கலையில் அந்த மாதங்களில் கொடியில் போட்ட துணியே ஒரு வாரம் காயாது. பிளாஸ்டர் எப்படி ஒட்டும்? பனியும் தூறலும் பட்டு ஊறி, உரிந்து, ஒரு வாடை வரத் தொடங்கியது. அம்மா குட்டியை மடியில் கிடத்தி, வெந்நீரில் துணியை நனைத்து ஓரத்தை ஒற்றி எடுப்பார். கறுத்த தையல் காதின் விளிம்பில் எறும்பு வரிசைபோல ஏறிப் போகும். குட்டி அழவில்லை. அம்மாவின் சேலை ஓரத்தை வாயில் கவ்வி வைத்துக்கொண்டு நடுங்கும். நான் பிளாஸ்டரை நறுக்கிக் கொடுத்தேன். அந்த வீட்டில் எனக்கு வாய்த்த வேலை எப்போதும் பிடித்துக்கொள்வதும் நறுக்கிக் கொடுப்பதும்தான்.

கடைசியில் கட்டைப் பிரித்தபோது இடது காது நின்றது, வலது காது பாதியில் மடிந்து விழுந்தது. ஒட்டுக்கேட்கிற ஆள் மாதிரி ஒரு முகம். படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அண்ணன் மகனிடமிருந்து இரண்டு நாள் பதில் இல்லை.

தீபாவளிக்கு அவன் வந்தான். இரவு ரயில். விடிந்தும் விடியாத நேரம், மூடுபனிக்குள் படியேறி வருகிற செருப்புச் சத்தத்திலேயே ரொக்கிக்குத் தெரிந்துவிட்டது. சங்கிலியை இழுத்துக்கொண்டு நின்றது. மூன்று மாதமாகப் பார்க்காத ஆள். முதலில் அந்தக் கட்டை அசைந்தது, சுண்டுவிரல் அளவு கட்டை. அது போதவில்லை. இடுப்பு ஆடியது, முதுகு ஆடியது, பின்கால் இரண்டும் தரையில் நிற்காமல் வழுக்கின. முழு உடம்பும் வாலாகப் பார்த்து, ஆக முடியாமல் தடுமாறிக்கொண்டிருந்தது. வாசலில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்ற அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார், "பாவம், வால் இல்லை என்று அதற்குத் தெரியாது. இருக்கிறது என்று நினைத்து ஆட்டுகிறது."

அண்ணன் மகனும் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் குனிந்து அதன் முதுகைப் பிடித்துக்கொண்டான். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். இஸ்தோப்பில், சாக்கின் மேல், என் கைக்குள் நான்கு தடவை நடந்தது என்ன என்று முப்பது வருடத்துக்கு மேல் கழித்து அம்மா ஒரு வரியில் சொல்லிவிட்டார். 

அதற்குப் பிறகு லயத்து நாய்களைக் கவனிக்கத் தொடங்கினேன். ரொக்கி கிட்டே வந்தால் அவை விறைத்து நிற்கின்றன. வருவது விளையாட்டுக்கா, சண்டைக்கா என்று படிக்க அவற்றுக்கு எழுத்து இல்லை. காது பின்னால் படியவும் வழியில்லை. சொந்தக்காரரைக் கண்டால் நாயின் வால் கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்தும், மிரட்டும் அந்நிய நாயைக் கண்டால் இடப்பக்கம் சாய்ந்தும் ஆடுகிறது என்று இத்தாலிய ஆய்வாளர்கள் 2007இல் கண்டிருக்கிறார்கள். நாம் நன்றி என்று ஒரே சொல்லில் முடித்துவிட்ட உறுப்புக்கு வலம் இடம் என்று இலக்கணமே இருக்கிறது. சீதா என்ற கிழட்டு நாய் மட்டும் ரொக்கியை முகர்ந்து பார்த்து ஏற்றுக்கொண்டது. அதற்குக் கண் சரியாகத் தெரியாது.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். நம்மிடம் இருப்பது 1907ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம். அதில் குற்றப்பணத்தின் உச்சம் 100 ரூபாய். 2021இல் கொழுந்து எடுக்கும் பெண்ணின் நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. அதில் பத்தில் ஒரு பங்கு. சட்ட ஆணைக்குழு 2006இல் புதிய சட்டமூலம் ஒன்றை வரைந்து கொடுத்தது. அது மேசை மேசையாக நகர்ந்த கதை நமக்குப் பழகிய கதை. எதற்காகவும் வெட்டவே கூடாது என்பவன் இல்லை நான். கட்டி வந்த வாலை எடுக்கத்தான் வேண்டும். கருத்தடை செய்த தெருநாய்க்குக் காது நுனியில் மயக்கத்தோடு சின்னதாக ஒரு வெட்டுப் போட்டு அடையாளம் வைத்தால், அதே நாயை மறுபடி பிடித்து வயிற்றைத் திறக்காமல் இருக்கலாம். அந்த வெட்டால் நாய்க்கு ஒரு லாபம் உண்டு. ரொக்கியின் காதால் லாபம் அடைந்தவர் பெயரைச் சொல்லுங்கள் என்றால், காசு வாங்கியவர் ஒருவரைத் தவிர எனக்கு வேறு யாரும் தோன்றவில்லை.

இந்த வருடம் ரொக்கியால் டவுனில் ஒரு வீட்டில் ஆறு குட்டிகள் பிறந்தன. தாய்க்குச் சொந்தக்காரன் அண்ணன் மகனின் கூட்டாளி. மறுபடி தொலைபேசி வந்தது. "சித்தப்பா, நாளைக்கு மூன்றாம் நாள்." மழை இல்லை. இந்த முறை வேண்டாம் என்றேன். கருப்பியின் கதையையும் சொன்னேன், நான் பிடித்திருந்ததையும் சேர்த்து. அவன் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நான் சொல்லிப் பார்க்கிறேன். வாங்குகிறவர்கள் கட்டைவால்தான் கேட்கிறார்கள்" என்றான். அரைகுறையாகத்தான் முடிந்தது. கூட்டாளி மூன்றை வெட்டினான், மூன்றை விட்டான். வெட்டிய மூன்றும் உடனே விலை போயின. விட்டதில் இரண்டு குறைந்த விலைக்குப் போயின. ஒன்று போகவே இல்லை. அது இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறது.

இரவில் அதைக் காம்பராவுக்குள் விட்டுக் கதவைச் சாத்துகிறார் அம்மா. மேல் மலையில் சிறுத்தை நடமாட்டம். போன மாதம் அடுத்த லயத்தில் ஒரு நாயைக் கொண்டுபோய்விட்டது. "நீளவாலோ கட்டைவாலோ, அது கழுத்தைத்தான் பிடிக்கும்" என்கிறார். போன ஞாயிறு மாமா கம்பை ஊன்றிக்கொண்டு வந்தார். இஸ்தோப்பில் உட்கார்ந்ததும் குட்டி அவர் காலடியில் போய் விழுந்தது. மாமா குனிந்து அதன் வாலைக் கைக்குள் விட்டு, அடியிலிருந்து நுனிவரை மெதுவாக உருவிப் பார்த்தார்.

"நல்ல நீளம்" என்றார். பிறகு தேத்தண்ணி கேட்டார்.